நெட்லோகோ: படம் சரி, கணக்கு சரியா?

கட்டம் போட்ட ஒரு காடு. கட்டங்களில் 57 விழுக்காட்டில் மரம் இருக்கிறது. இடது ஓரத்தில் தீ வைத்தால் பெரும்பாலும் நடுவழியிலேயே அணைந்துவிடும். அடர்த்தியை 63 ஆக்கினால் அதே தீ வலது ஓரத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஓயும். காற்று இல்லை, சரிவு இல்லை, மரத்தின் வகை மாறவில்லை. ஆறு புள்ளிதான் ஏறியது. தனித்தனி உறுப்புகளுக்கு விதி எழுதி, கூட்டத்தின் நடத்தையைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் நெட்லோகோ என்ற மென்பொருளை நிறுவி, அதனுடன் வரும் மாடல்ஸ் லைப்ரரியில் ‘ஃபயர்’ மாடலைத் திறந்து, செட்டப், கோ என்று இரண்டு பட்டன்களை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் இதைப் பார்த்துவிடலாம். இயற்பியலில் இதற்குப் பெர்கொலேஷன் என்று பெயர். நான்கு பக்கமும் மட்டும் பரவும் சதுரக் கட்டத்துக்கு அதன் எல்லை மதிப்பு சுமார் 59.27 விழுக்காடு.

நெட்லோகோவின் பலம் இந்த இரண்டு நிமிடம்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. படம் அவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்கிவிடுவதால், பின்னால் இருக்கும் கணக்கைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த மதிப்புரை அதிகமும் அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் அடிப்படைகள். யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய மென்பொருள் இது. இன்றைக்கு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு பராமரிக்கிறது. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவா தேவைதான், ஆனால் அது உள்ளேயே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பிரவுசரிலேயே ஓடும் நெட்லோகோ வெப் என்ற பதிப்பும் உண்டு. வகுப்பில் காட்ட அது போதும், ஆய்வுக்குப் போதாது: எக்ஸ்டென்ஷன்களில் பல அங்கே ஓடாது.

மொழியின் வேர் 1967-இல் குழந்தைகளுக்காகப் பிறந்த லோகோ. அதனால் நகரும் ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது தன் விதிப்படி இயங்கும் தனியாள்களுக்கு, இன்னும் ‘டர்ட்டில்’, அதாவது ஆமை, என்றே பெயர். ஓநாயும் ஆமைதான், வாக்காளரும் ஆமைதான், வைரஸ் தொற்றியவரும் ஆமைதான். தரையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ‘பேட்ச்’. ஆமைகளை இணைக்கும் கோடு ‘லிங்க்’. மேலிருந்து எல்லாவற்றையும் ஏவுவது ‘அப்சர்வர்’. இந்த நான்கு பேரை வைத்து வாயு மூலக்கூறு, எறும்புப் புற்று, சாலை நெரிசல், வதந்தி பரவல் எதை வேண்டுமானாலும் எழுதலாம். துறைக்குத் துறை பாடம் மாறினாலும் எழுதும் முறை ஒன்றே: தனியாள் விதியை எழுது, கூட்டம் என்ன செய்கிறது என்று பார்.

புதிதாக எழுதுபவர்கள் முதல் வாரத்தில் தடுக்கி விழும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான்.

கழித்தல் குறியின் இருபுறமும் இடைவெளி வேண்டும். பெயருக்குள் சிறுகோடு வரலாம் என்று இந்த மொழி அனுமதிப்பதால், ‘எனர்ஜி-1’ என்று ஒட்டி எழுதினால் அது கழித்தல் ஆகாது, ஒரு மாறியின் பெயராகிவிடும். அப்படி ஒன்றும் வரையறுக்கப்படவில்லை என்று பிழை வரும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். மாடலில் காலம் நகரும் ஒவ்வோர் அடிக்கும் ‘டிக்’ என்று பெயர். செட்டப்பின் கடைசியில், டிக் எண்ணிக்கையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும் ‘ரீசெட்-டிக்ஸ்’ போட மறந்தாலும் அப்படித்தான், கோ அழுத்தியதும் கத்தும். ஆமை தன் காலடிக் கட்டத்தின் நிறத்தை நேரடியாகப் படிக்கலாம். கட்டம் தன் மேல் நிற்கும் ஆமையின் மாறியை அப்படிப் படிக்க முடியாது, ஏனென்றால் ஒரு கட்டத்தில் பத்து ஆமைகள் நிற்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அதையும் கம்பைலரே சொல்லிவிடும்.

பயப்பட வேண்டியது சத்தம் போடாத பிழைகளுக்கு.

ஒரு மாடலில் ஆடுகளுக்கு நான்கு விழுக்காடு வாய்ப்பில் இனப்பெருக்கம் என்று எழுத வேண்டும். வேறு மொழியிலிருந்து வருபவர் ‘ரேண்டம் 1’ என்பது 0.04-ஐவிடக் குறைவா என்று எழுதுவார். நெட்லோகோவில் ‘ரேண்டம்’ முழு எண்ணை மட்டுமே தரும். ‘ரேண்டம் 10’ என்றால் 0 முதல் 9 வரை, ‘ரேண்டம் 1’ என்றால் எப்போதும் 0. ஆகவே நிபந்தனை ஒவ்வொரு முறையும் உண்மையாகி, ஒவ்வோர் ஆடும் ஒவ்வொரு டிக்கிலும் குட்டி போடும். தசமம் வேண்டுமானால் ‘ரேண்டம்-ஃப்ளோட்’. லைப்ரரி மாடல்கள் ‘ரேண்டம்-ஃப்ளோட் 100’ என்று எடுத்து விழுக்காட்டோடு ஒப்பிடுகின்றன. அதே பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது தசமக் கழிவு. ஓர் ஆட்டின் ஆற்றல் 1-இல் தொடங்கி டிக்குக்கு 0.1 குறைகிறது, பூஜ்யமானால் இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை கழித்த பிறகு கணினியிடம் மிஞ்சுவது பூஜ்யம் அன்று. தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து பூஜ்யங்கள் தாண்டி ஒரு துளி நிற்கும். ‘பூஜ்யத்துக்குச் சமமா’ என்று கேட்டால் அந்த ஆடு சாகவே சாகாது. ‘பூஜ்யம் அல்லது அதற்குக் கீழா’ என்று கேட்டால்கூட ஒரு டிக் தாமதமாகத்தான் சாகும். ஆற்றலைப் பத்து மடங்காக்கி முழு எண்ணில் வைத்துக்கொண்டால் தொல்லை விட்டது.

மூன்றாவது, உலகத்தின் விளிம்பு. புதிய மாடலைத் திறந்தால் 33-க்கு 33, மொத்தம் 1,089 கட்டங்கள் கொண்ட உலகம் கிடைக்கும். அது இயல்பாகவே சுற்றி மடிந்திருக்கும்: வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரம், மேலே போனால் கீழே. பறவைக் கூட்டத்துக்கு இது வசதி. காட்டுத் தீயை நீங்களே இந்த உலகத்தில் எழுதிப் பாருங்கள். இடது ஓரத்தில் வைத்த தீ முதல் டிக்கிலேயே வலது ஓர மரங்களைப் பற்றிக்கொள்ளும். ‘தீ மறுபக்கம் சேர்ந்ததா’ என்று சோதித்தால் எந்த அடர்த்திக்கும் சேர்ந்ததாகவே விடை வரும். செட்டிங்ஸில் சுற்றி மடிவதற்கான இரண்டு பெட்டிகளிலும் உள்ள சரிக்குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ‘ஆஸ்க்’ கட்டளை ஏஜென்ட்டுகளை ஒரே நேரத்தில் இயக்காது. வரிசையைக் குலுக்கிப் போட்டு ஒருவர்பின் ஒருவராக இயக்கும். முதலாமவர் தன் வேலை முழுவதையும் முடித்த பிறகே இரண்டாமவர் தொடங்குவார். அண்டைச் செல்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஒவ்வொரு செல்லும் பிறக்கவோ சாகவோ செய்யும் கான்வேயின் ‘லைஃப்’ விளையாட்டை ஒரே ஆஸ்க்கில் எழுதினால், முன்னால் முறை வந்த செல் செத்துவிட, பக்கத்துச் செல் அந்தச் சாவையும் சேர்த்து எண்ணும். பழைய தலைமுறையும் புதிய தலைமுறையும் கலந்துபோகும். உருக்குலையாமல் குறுக்காக நகர்ந்துபோக வேண்டிய ‘கிளைடர்’ என்ற சிறு உருவம் நகராது, உருத்தெரியாமல் சிதையும். தீர்வு லைப்ரரி மாடலிலேயே இருக்கிறது: முதல் ஆஸ்க்கில் எல்லோரும் அண்டைச் செல்களை எண்ணிக் குறித்துக்கொள்வது, இரண்டாவது ஆஸ்க்கில் எல்லோரும் மாறுவது. ‘லைஃப்’ தப்பானால் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் கிளைடர் எப்படி இருக்கும் என்று நமக்கு முன்பே தெரியும். உங்கள் சொந்தச் சந்தை மாடலில் இதே தவறு நடந்தால் அதைக் காட்டிக்கொடுக்கக் கிளைடர் இல்லை. ஒரே மாடலை ஒற்றை ஆஸ்க்கிலும் இரட்டை ஆஸ்க்கிலும் ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் எது உங்கள் உலகத்துக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான்.

லைப்ரரியைப் பற்றி. நூற்றுக்கணக்கான மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் இன்ஃபோ பக்கத்தில் விளக்கம், எதைக் கவனிக்க வேண்டும், எதை மாற்றிப் பார்க்கலாம் என்ற குறிப்புகள். இந்த அளவுக்கு ஒழுங்கான நூலகம் இந்த வகை மென்பொருள் வேறெதிலும் கண்ணில் படவில்லை. அதற்காக ஸ்லைடரில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது.

‘செக்ரிகேஷன்’ மாடலை எடுத்துக்கொள்வோம். பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் எழுதிய குடியிருப்புப் பிரிவினைக் கருத்து. 51-க்கு 51 கட்டம், அடர்த்தி 95 விழுக்காடு. என்னைப் போன்றவர் அண்டையில் 30 விழுக்காடாவது வேண்டும், இல்லையென்றால் வீடு மாறுவேன் என்பது விதி. 30 கேட்டவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு தன் இனத்தாரோடு முடிகிறார்கள் என்பது புகழ்பெற்ற முடிவு. சரிதான். ஆனால் ஒருவருக்கு அண்டை வீடுகள் அதிகபட்சம் எட்டு. எட்டில் 30 விழுக்காடு 2.4. இரண்டரை வீட்டுக்காரர் கிடையாது, ஆகவே அவர் கேட்பது உண்மையில் மூன்று வீடு, அதாவது 37.5 விழுக்காடு. எட்டு வீடும் நிரம்பியிருப்பவருக்கு ஸ்லைடரை 26-இல் வைத்தாலும் 37-இல் வைத்தாலும் விதி ஒன்றுதான். 38-இல் நான்காகத் தாவுகிறது. ஏழு வீடு நிரம்பியிருந்தால் தாவும் இடங்கள் 29, 43 என்று வேறு. ஒவ்வொரு விழுக்காடாக ஏற்றி வரைபடம் போட்டால் படிக்கட்டு தெரியும். அதைச் சமூகத்தின் ‘திருப்புமுனை’ என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். பாதிப் படிக்கட்டு கட்டத்தின் வடிவத்தால் வந்தது.

‘உல்ஃப் ஷீப் பிரிடேஷன்’ இன்னொரு நல்ல பாடம். 100 ஆடு, 50 ஓநாயில் தொடங்கும். இரண்டு வகை உண்டு. புல் கணக்கில் வராத வகையில் ஆட்டுக்குத் தீனிக் கவலையே இல்லை. அலை பெரிதாகிப் பெரிதாகி, ஏதோ ஓர் இனம் அழியும். ஓநாய் அழிந்து ஆடுகள் 30,000-ஐத் தாண்டினால் மாடல் நின்று, ஆடுகள் பூமியைச் சுதந்தரித்துக்கொண்டன என்று ஒரு பெட்டியில் அறிவிக்கும் (எழுதியவருக்கு மலைப்பிரசங்கம் நன்றாக நினைவிருக்கிறது). புல்லைச் சேர்த்து, தின்ற கட்டம் மீண்டும் முளைக்க 30 டிக் ஆகும் என்று வைத்தால் அலை அடங்கி மூன்றும் சேர்ந்து வாழ்கின்றன. இரையும் வேட்டை விலங்கும் கூடிக் குறைவதைச் சொல்லும், பாடநூலில் வரும் லோட்கா–வோல்டெரா சமன்பாட்டில் ஓநாய் எண்ணிக்கை 0.3 ஆகக் குறைந்தாலும் மீண்டு எழும். இங்கே கால் ஓநாய் கிடையாது. கடைசி ஓநாய் செத்தால் கதை முடிந்தது. ஏஜென்ட் முறைக்கும் சமன்பாட்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ஒரு எச்சரிக்கை: இந்த மாடலின் வரைபடத்தில் புல் கோடு உண்மையான எண்ணிக்கையில் கால் பங்கு. மூன்று கோடும் ஒரே அச்சில் அடங்குவதற்காக நான்கால் வகுத்திருக்கிறார்கள். குறிப்பில் சிறிதாக எழுதியிருக்கிறது. பார்க்காமல் படித்தால் ஆட்டைவிடப் புல் குறைவு என்று தோன்றும்.

சமன்பாட்டு முறையே வேண்டுமென்பவர்களுக்கு உள்ளேயே ‘சிஸ்டம் டைனமிக்ஸ் மாடலர்’ இருக்கிறது. அதை விளக்கப் படம் போடப் பயன்படுத்தலாம், எண் விடைக்கு நம்ப வேண்டாம். ஆய்லர் முறையில் காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்துகிறது. துண்டு பெரிதாக இருந்தால், மூடிய வளையமாகச் சுற்ற வேண்டிய ஓநாய்–ஆடு பாதை சுருளாக வெளியே விரியும். அது இயற்கையின் நிலையின்மை அன்று, கூட்டல் பிழை.

இனி, இந்தப் பெட்டியில் இருக்கும் உண்மையான கருவி: பிஹேவியர்ஸ்பேஸ். டூல்ஸ் மெனுவில் ஒளிந்திருக்கிறது. ஸ்லைடர்களைத் தானாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் பல முறை ஓட்டி, விடையைக் கோப்பில் எழுதித் தரும். இதைத் தொடாதவர் நெட்லோகோவை வேடிக்கை பார்த்தவர், அவ்வளவுதான்.

ஃபயர் மாடலுக்கே ஒரு சோதனை அமைப்போம். மாறிகள் இருக்கும் பெட்டியில் அடர்த்திக்கு 52, 1, 66 என்று சதுர அடைப்புக்குள் கொடுத்தால் 52 முதல் 66 வரை ஒவ்வொன்றாக 15 மதிப்புகள். திரும்ப ஓட்டும் எண்ணிக்கை இயல்பாக 1 என்று இருக்கும், அதை 50 ஆக்குங்கள். மொத்தம் 750 ஓட்டம். அளக்க வேண்டியது இயல்பாக ஆமைகளின் எண்ணிக்கை என்று இருக்கும். அதை அழித்துவிட்டு, எரிந்த மரத்தைத் தொடக்க மரத்தால் வகுத்து நூறால் பெருக்கும் வரியை இடுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் அளக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். நமக்குக் கடைசி எண் போதும், இல்லாவிட்டால் கோப்பு வீங்கும். செட்டப்புக்கு முன்னால் ‘ரேண்டம்-சீட்’ வரியில் பிஹேவியர்ஸ்பேஸின் ஓட்ட எண்ணையே விதையாக, அதாவது தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணாக, கொடுங்கள். ஒவ்வோர் ஓட்டமும் வேறாகவும் இருக்கும், 413-ஆவது ஓட்டம் விநோதமாக வந்தால் அதை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

வெளியீட்டில் ‘ஸ்ப்ரெட்ஷீட்’, ‘டேபிள்’ என்று கேட்கும்போது டேபிளையே எடுக்க வேண்டும். டேபிள் ஓட ஓட எழுதிக்கொண்டே போகும். ஸ்ப்ரெட்ஷீட் எல்லாவற்றையும் நினைவகத்தில் சுமந்து கடைசியில்தான் எழுதும். இரவு முழுக்க ஓடி விடியற்காலை மின்சாரம் போனால் முன்னதில் பாதியாவது மிஞ்சும், பின்னதில் ஒன்றும் மிஞ்சாது.

விடை வந்ததும் சராசரி எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. 54-இலும் 64-இலும் சராசரிக்குப் பொருள் உண்டு. 59-ஐ ஒட்டிய இடத்தில் சில ஓட்டம் சீக்கிரமே அணைந்திருக்கும், சில ஓட்டம் காட்டைக் கடந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சராசரி எந்த ஓட்டத்தையும் சொல்லாது. அங்கே 50 ஓட்டங்களையும் புள்ளிகளாகவே போட வேண்டும், இன்னும் 200 கூட்டினாலும் தகும். எல்லையை நெருங்க நெருங்க விடைகள் சிதறுவது பிழையால் வருவதன்று. மாறுநிலையின் அடையாளமே அந்தச் சிதறல்தான்.

பிஹேவியர்ஸ்பேஸிலும் ஒரு குழி உண்டு. கால வரம்பு 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள். ஃபயர் தானாக நிற்கும், எரிய மரம் தீர்ந்ததும் முடிந்தது. செக்ரிகேஷன் எல்லோரும் மனநிறைவு அடைந்தால்தான் நிற்கும். 85 விழுக்காடு தன்னைப் போன்றவர் வேண்டும் என்று வைத்துப் பாருங்கள், எல்லோரும் முடிவில்லாமல் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் சோதனை அந்த ஓட்டத்திலேயே மாட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகாது. 1,000 டிக் என்று ஒரு வரம்பு போட்டு, வரம்பில் நின்ற ஓட்டங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை நிலைபெற்ற விடைகளோடு கலக்கக் கூடாது.

வேகம் பற்றிய புகார்களில் பாதி, மாடலை எழுதிய விதத்தால் வருபவை. ஒவ்வோர் ஆமையும் மற்ற எல்லா ஆமைகளையும் சலித்து எண்ணும்படி எழுதினால், 2,000 ஆமைக்கு டிக் ஒன்றுக்கு 40 லட்சம் சோதனை. அதே எண்ணிக்கையை ஆஸ்க்குக்கு வெளியே ஒரு முறை எடுத்து மாறியில் வைத்தால் 2,000 சோதனையோடு முடியும். வேக ஸ்லைடர் நடுவில் இருந்து, திரை டிக்குக்கு ஒரு முறை புதுப்பிக்கும்படி இருந்தால், நொடிக்கு 30 டிக் என்ற திரை வேகமே மாடலையும் கட்டிப்போடும். ‘வியூ அப்டேட்ஸ்’ பெட்டியில் சரிக்குறியை எடுத்ததும் பாய்ந்து ஓடுவதைப் பார்க்கலாம். நெட்லோகோ 6 பதிப்பு வரிசையில் நினைவகம் இயல்பாக 1 ஜிபிதான். பெரிய உலகத்துக்கு நெட்லோகோவின் கான்ஃபிக் கோப்பில் 1024 என்று இருக்கும் எண்ணை உயர்த்த வேண்டும்.

மீதிப் பாதி உண்மையான குறை. ஒரு மாடல் பிராசஸரின் ஒரே கோரில்தான் ஓடும். உங்கள் கணினியில் எட்டு கோர் இருந்தால் பிஹேவியர்ஸ்பேஸில் எட்டு ஓட்டங்களை இணையாக விடலாம், ஒரு பெரிய ஓட்டத்தை எட்டாகப் பிரிக்க முடியாது. சில ஆயிரம் ஏஜென்ட்டுக்கு அருமை, லட்சங்களுக்கு இது இடமன்று. பெரிய நிரலை எழுதவும் சிரமம்தான்: எடிட்டர் எளிமையானது, நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுத உள்ளமைந்த வசதி இல்லை. பைத்தான் தெரிந்தவர் இதே வேலைக்கான பைத்தான் நூலகமான மேசாவுக்குப் போகலாம், தரவு பகுப்பாய்வு பக்கத்திலேயே இருக்கும். வரைபடமும் சாலைகளும் கட்டடங்களும் மையமாக உள்ள நகர மாடலுக்கு காமா என்ற மென்பொருள் பொருத்தம். நெட்லோகோவிலும் புவியியல் தரவுக்கு எக்ஸ்டென்ஷன் உண்டு, ஆனால் காமாவில் அது அடித்தளத்திலேயே இருக்கிறது. எனிலாஜிக் என்ற மென்பொருள் தொழில்துறைக்கானது, விலையும் அப்படியே. இவற்றில் எதற்குப் போவதாக இருந்தாலும், விதிகளை முதலில் நெட்லோகோவில் ஐம்பது வரியில் எழுதி, தப்பான யோசனைகளை இங்கேயே கழித்துவிட்டுப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆய்வேட்டில் வைப்பதாக இருந்தால், இன்ஃபோ பக்கத்தை வெறுமையாக விடாமல், வோல்கர் கிரிம்மும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006-இல் முன்வைத்த ODD என்ற மாடல் விவரிப்பு முறையில் நிரப்புங்கள். யார் எந்த வரிசையில் செயல்படுகிறார்கள், மதிப்புகள் எப்போது புதுப்பிக்கப்படுகின்றன என்று அது கட்டாயமாகக் கேட்கும். மேலே சொன்ன ஒற்றை ஆஸ்க், இரட்டை ஆஸ்க் சிக்கல் அந்தப் பத்தியை எழுதும்போதுதான் பலருக்கும் பிடிபடுகிறது.

பதிப்பைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 7 வரிசையில் கோப்பு வடிவம் மாறிவிட்டது. பழைய ‘என்லோகோ’ கோப்பைத் திறக்கும், ஆனால் சேமிக்கும்போது எக்ஸ்எம்எல் அடிப்படையிலான ‘என்லோகோஎக்ஸ்’ ஆகிவிடும், அதை 6-இல் திறக்க முடியாது. கல்லூரி லேபில் 6 இருந்து உங்கள் மடிக்கணினியில் 7 இருந்தால், பழைய கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டுத் திறங்கள். 5 வரிசையில் எழுதிய மாடல் கிடைத்தால் ‘டாஸ்க்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 6-இல் அதை எடுத்துவிட்டு அம்புக்குறி போட்ட எழுத்துமுறையைக் கொண்டுவந்தார்கள். திறக்கும்போது தானாக மாற்றப் பார்க்கும், மாறாத இடங்களைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். திருத்திய பிறகு, பழைய விடைகள் கையில் இருந்தால், அதே சோதனையை ஒரு முறை ஓட்டி ஒப்பிட்டுவிடுங்கள்.